பதினொரு பைட் கட்டளை

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களின் உலக வரைபடத்தில் தஞ்சாவூரின் முகவரி எம்கே90. பூமியை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 1980-ல் இங்கிலாந்தின் மேய்டன்ஹெட் என்ற ஊரில் கூடி முடிவுசெய்த ஏற்பாடு இது. கிழக்கே 78 முதல் 80 டிகிரி வரை, வடக்கே 10 முதல் 11 டிகிரி வரை உள்ள பகுதி எம்கே90. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் எல்லாம் இந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மயிலாடுதுறை மட்டும் 11 டிகிரியைச் சற்றுத் தாண்டிவிடுவதால் அடுத்த கட்டமான எம்கே91-க்குப் போய்விடுகிறது.

திருவையாற்றில் உரிமம் பெற்ற ஒருவர், இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே இருபது மீட்டர் கம்பியை இழுத்துக் கட்டி, ரேடியோவைக் கணினியோடு இணைத்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அவருடைய அழைப்புக்குறியும் எம்கே90 என்ற முகவரியும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறிப் போகின்றன. வேறொரு நாட்டில் ஒருவருடைய திரையில் அவை எழுத்தாகத் தோன்றுகின்றன, பதிலும் வருகிறது. இவ்வளவுக்கும் திருவையாற்றுக்காரர் ரேடியோவின் ஒரு திருகைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். அலைவெண்ணை வைத்தது, ஒலிபரப்பத் தொடங்கியது, நொடி பார்த்து நிறுத்தியது, தொடர்பைக் குறிப்பேட்டில் பதிந்தது எல்லாம் மென்பொருள்.

பொத்தானை அழுத்த யாருக்கும் பயிற்சி தேவையில்லை. ஆனால் அந்தப் பொத்தானுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே நாலைந்து அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எளியது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கெட்டுப்போகவும் கூடியது. புயல் வந்தால் முதலில் மின்சாரத்தை இழக்கும் காவிரி டெல்டாவில், இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிவது பொழுதுபோக்குக்காரரின் ஆர்வத்தோடு நின்றுவிடும் விஷயமல்ல. அடியிலிருந்து தொடங்குவோம்.

திருகு எண்ணாக மாறியது

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ரேடியோவில் நிலையம் பிடிப்பதென்றால் என்னவென்று விரல் நுனியில் தெரியும். திருகைத் திருப்பினால் உள்ளே ஒரு நூல் ஓடும். நூல் கேங் கண்டென்சரின் தகடுகளைச் சுழற்றும். தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவைப் பொறுத்து அலைவெண் மாறும். அந்தக் கால ஹாம் கருவிகளும் இதே வகைதான். அப்படிப்பட்ட ரேடியோவைக் கணினி திருப்ப வேண்டுமென்றால் திருகில் ஒரு மோட்டாரைத்தான் பொருத்த வேண்டும்.

சிந்தசைசர் என்ற சுற்று வந்ததும் நிலைமை மாறியது. நிலையான ஒரு படிக அதிர்வை வைத்துக்கொண்டு, அதைப் பெருக்கியும் வகுத்தும் வேண்டிய அலைவெண்ணை உண்டாக்குவது அதன் வேலை. எத்தனையால் பெருக்க வேண்டும், எத்தனையால் வகுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு எண் போதும். முகப்பில் இன்னும் திருகு இருக்கிறது. ஆனால் அது தகடுகளைச் சுழற்றுவதில்லை. உள்ளே இருக்கும் நுண்செயலிக்குத் துடிப்புகளை அனுப்புகிறது, நுண்செயலி எண்ணைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அலைவெண் நினைவகத்தில் ஒரு எண்ணாக உட்கார்ந்துவிட்ட பிறகு, அதை விரல் மாற்றினால் என்ன, வெளியிலிருந்து வரும் ஒரு கம்பி மாற்றினால் என்ன? ஜப்பானியக் கம்பெனிகள் 1980-களிலேயே தங்கள் ரேடியோக்களின் பின்புறத்தில் அந்தக் கம்பிக்கு ஒரு துளையை வைத்துவிட்டன.

இந்த மாற்றத்தை இந்தியக் கருவி ஒன்றிலேயே படிப்படியாகப் பார்க்கலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், விலை உயர்ந்த வெளிநாட்டு ரேடியோவை வாங்க முடியாத இந்திய ஹாம்களுக்காக 2003-ல் பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை வடிவமைத்து, அதன் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்கள். சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷர். அந்த முதல் பிட்எக்ஸில் அலைவெண்ணை மாற்றியது கண்டென்சர். கணினி புக அங்கே இடமில்லை. 2017 டிசம்பரில் அவர் வெளியிட்ட மைக்ரோபிட்எக்ஸில், எஸ்ஐ5351 என்ற சிறு சில்லு எல்லா அலைவெண்களையும் உண்டாக்குகிறது. ஆர்டுயினோ நானோ பலகை ஒன்று அதற்கு எண்களைச் சொல்கிறது. ஆர்டுயினோவில் யுஎஸ்பி துளை ஏற்கெனவே உண்டு. அதனால் கணினியோடு பேசுவதற்கு ஒரு கேபிளும் சில நூறு வரி நிரலும் மட்டுமே பாக்கி. நிரலும் வந்தது. அது கணினியோடு எந்த மொழியில் பேசுகிறது என்பதில் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. அதற்கு முன்னால் கம்பியைப் பார்த்துவிடுவோம்.

கம்பி வேலை

ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவே ஓடுவது பெரும்பாலும் சீரியல் தொடர்பு. ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக மின்துடிப்புகள் போகும். எட்டுத் துடிப்பு சேர்ந்தால் ஒரு பைட். ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் பாட் ரேட். 4800, 9600, 19200, 38400 என்று சில வழக்கமான வேகங்கள் உண்டு. ரேடியோவின் மெனுவில் 9600 என்றும் மென்பொருளில் 19200 என்றும் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதற்கு வெறும் குப்பை. புதிதாக இணைப்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் மிகச் சாதாரணமானது இதுதான். சரிசெய்ய அரை நிமிடம் போதும்.

பழைய ரேடியோக்களில் மின்னழுத்தப் பொருத்தத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. கணினியின் பழைய சீரியல் துளை நேர், எதிர் இரண்டு பக்கமும் பல வோல்ட் ஊசலாடும். ரேடியோவின் உள்ளே இருப்பதோ 5 வோல்ட் தர்க்கச் சுற்று. நேரடியாக இணைத்தால் சுற்று கருகும். நடுவே மேக்ஸ்232 போன்ற ஒரு சில்லு தேவைப்பட்டது. இப்போது வரும் ரேடியோக்களில் இந்தத் தொல்லை இல்லை. 2016-ல் வந்த ஐகாம் ஐசி-7300-ல் ஒரே யுஎஸ்பி கேபிள் இரண்டு வேலை செய்கிறது: சீரியல் துளையாகவும் தெரிகிறது, சவுண்ட் கார்டாகவும் தெரிகிறது. கட்டளை ஒரு வழியில், ஒலி இன்னொரு வழியில்.

இந்த இரண்டையும் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்வது முக்கியம். ‘இந்த அலைவெண்ணுக்குப் போ’, ‘ஒலிபரப்பத் தொடங்கு’ என்பவை கட்டளைகள். ஒலிபரப்பப்படும் செய்தியோ ஒலியாகப் போகிறது. கட்டளை வேலை செய்து ஒலி போகாவிட்டால் ரேடியோ மௌனத்தை ஒலிபரப்பும். ஒலி போய்க் கட்டளை வேலை செய்யாவிட்டால் ரேடியோ வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும். எது நடக்கிறது என்று பார்த்த உடனேயே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

மூன்று கம்பெனி, மூன்று மொழி

கம்பி வழியாக என்ன சொல்லப்படுகிறது? ஒரே கட்டளையைக் கென்வுட், யேசு, ஐகாம் என்ற மூன்று கம்பெனிகளும் எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தால் புரியும். கட்டளை இதுதான்: 7.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போ. ஹெர்ட்ஸில் சொன்னால் 70,74,000.

கென்வுட்டின் மொழி எளிதில் படிக்கக் கூடியது. எஃப்ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு பதினொரு இலக்கத்தில் அலைவெண், கடைசியில் ஒரு அரைப்புள்ளி. ‘எஃப்ஏ00007074000;’ என்று விசைப்பலகையில் தட்டச்சு செய்தே அனுப்பிவிடலாம். எண் இல்லாமல் ‘எஃப்ஏ;’ என்று மட்டும் அனுப்பினால் அது கேள்வி; ரேடியோ தான் இருக்கும் அலைவெண்ணை அதே வடிவில் திருப்பிச் சொல்லும்.

யேசுவின் பழைய மொழி சிக்கனமானது. எஃப்டி-817 போன்ற ரேடியோக்களுக்கு எந்தக் கட்டளையாக இருந்தாலும் ஐந்து பைட்தான். முதல் நான்கில் விவரம், ஐந்தாவதில் வினை. அலைவெண்ணைப் பத்து ஹெர்ட்ஸ் அலகில் எழுத வேண்டும். ஆகவே நம் கட்டளை 00 70 74 00 01. கடைசியில் உள்ள 01 ‘அலைவெண்ணை வை’ என்று பொருள்படும். அதே இடத்தில் 08 வந்தால் ‘ஒலிபரப்பத் தொடங்கு’, 88 வந்தால் ‘நிறுத்து’.

ஐகாமின் சிஐ-வி மொழியில் முகவரிகளும் உண்டு. ஒரே கம்பியில் பல ரேடியோக்களை வரிசையாகத் தொங்கவிடலாம் என்ற எண்ணத்தில் அமைத்தது என்பதால், ஒவ்வொரு செய்தியிலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று சொல்லியாக வேண்டும். நம் கட்டளை இப்படி அமையும்: எஃப்இ எஃப்இ 94 இ0 05 00 40 07 07 00 எஃப்டி. மொத்தம் பதினொரு பைட். முதல் இரண்டும் ‘செய்தி தொடங்குகிறது’ என்ற அடையாளம். 94 என்பது ஐசி-7300-க்குக் கம்பெனி கொடுத்த முகவரி. இ0 கணினியின் முகவரி. 05 என்பது அலைவெண்ணை வைக்கும் வினை. அடுத்த ஐந்து பைட்டில் அலைவெண் இருக்கிறது, ஆனால் வால் பக்கம் முன்னால் வந்திருக்கிறது. பத்து இலக்கமாக எழுதிய 0007074000-ஐ இரண்டிரண்டாகப் பிரித்தால் 00, 07, 07, 40, 00. இதைக் கடைசியிலிருந்து படித்தால் 00 40 07 07 00. முடிவில் எஃப்டி, ‘செய்தி முடிந்தது’. ஏற்றுக்கொண்டால் ரேடியோ எஃப்பி என்று பதில் தரும், புரியாவிட்டால் எஃப்ஏ.

ஒரு ரேடியோவைக் கணினி ஆட்டிவைப்பது என்று நாம் வியக்கும் காரியத்தின் நடுப்பகுதி இவ்வளவுதான். கேட்பது, சொல்வது, ஏற்றதாக ஒப்புக்கொள்வது. இதில் மாயம் எதுவும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் எழுதி முடித்துவிடக் கூடிய ஒப்பந்தம்.

இப்போது மைக்ரோபிட்எக்ஸுக்கு வருவோம். புதுக் கருவிக்குப் புது மொழி ஒன்றை ஃபர்ஹான் உண்டாக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உலகில் உள்ள ஒவ்வொரு மென்பொருளையும் எழுதியவர்கள் அந்த மொழியைக் கற்கும்வரை ஹைதராபாத் ரேடியோ காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். அவர் வேறு வழியில் போனார். மைக்ரோபிட்எக்ஸின் நிரல், கம்பியின் அந்தப் பக்கம் இருக்கும் கணினியிடம் ‘நான் யேசு எஃப்டி-817’ என்று நடந்துகொள்கிறது. அதே ஐந்து பைட், அதே வினை எண்கள், 38400 பாட் வேகம். எஃப்டி-817-ஐ அறிந்த எந்த மென்பொருளும் முதல் நாளிலிருந்தே மைக்ரோபிட்எக்ஸோடு பேசியது. ஏற்கெனவே பரவிவிட்ட மொழியைப் பேசுவதால் எளிய கருவிக்கும் உலகம் திறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை ஹாம் ரேடியோவில் காட்டுவது கடினம்.

ஒரே கை

மூன்று பெரிய மொழிகள், அவற்றுக்குள் மாடலுக்கு மாடல் வேறுபாடு. மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் இவை அத்தனையையும் கற்றுத் தீர வேண்டுமா? 2000-ம் ஆண்டில் ஃபிராங்க் சிங்கிள்டன், ஸ்டெஃபான் ஃபில்லோ என்ற இரண்டு ஹாம்கள் இதற்கு ஒரு பொதுத் தீர்வைத் தொடங்கினார்கள். அதுதான் ஹாம்லிப். ‘அலைவெண்ணை இதற்கு மாற்று’ என்று ஒரே விதமாகச் சொன்னால் போதும். எந்த ரேடியோ என்பதைப் பார்த்து உரிய பைட்டுகளாக்கி அனுப்புவது ஹாம்லிப்பின் பொறுப்பு. திறந்த மூல நிரல் என்பதால் உலகெங்கும் உள்ள ஹாம்கள் தங்கள் கருவிக்கான பகுதியைத் தாங்களே எழுதிச் சேர்த்தார்கள். இன்று இருநூறுக்கும் மேற்பட்ட மாடல்களோடு அது பேசும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: எஃப்டி-817-க்கு 1020, ஐசி-7300-க்கு 3073. விண்டோஸில் இதே வேலையைச் செய்யும் ஆம்னிரிக் என்பதும் பரவலாகப் புழங்குகிறது.

ஹாம்லிப்போடு ரிக்சிடிஎல்டி என்ற சிறு நிரலும் வருகிறது. அது ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சீரியல் துளையை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்க முடியும். தொடர்புக் குறிப்பேடு ஒரு மென்பொருள், டிஜிட்டல் ஒலிபரப்பு இன்னொன்று, செயற்கைக்கோளைப் பின்தொடர்வது மூன்றாவது என்று வைத்தால், முதலில் திறந்தது துளையைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை பிழை காட்டி நிற்கும். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒரு மதகை நம்பிப் பல ஊர் வாய்க்கால்கள் இருக்கலாம்; ஆனால் ஷட்டரைத் திருப்புகிறவர் நீர்வளத்துறை லஸ்கர் ஒருவர்தான். ஊருக்கு ஒருவர் வந்து சக்கரத்தைப் பிடித்தால் ஷட்டர் பழுதாகும். ரிக்சிடிஎல்டி அந்த லஸ்கரின் இடத்தில் நிற்கிறது. துளையைத் தான் ஒருவனே திறந்து வைத்துக்கொண்டு, மற்ற மென்பொருள்களின் கோரிக்கைகளை 4532 என்ற நெட்வொர்க் வாசலில் வாங்கி, ஒவ்வொன்றாக ரேடியோவுக்குச் சொல்கிறது.

நெட்வொர்க் வாசல் என்பதால் ரேடியோவும் மென்பொருளும் ஒரே கணினியில் இருக்க வேண்டிய கட்டாயமும் போய்விடுகிறது. ரேடியோவோடு ஒரு ராஸ்பெர்ரி பை இருந்தால் போதும். லேப்டாப் வேறு அறையில் இருக்கலாம். ஃபர்ஹானின் பிந்தைய வடிவமைப்பான எஸ்பிட்எக்ஸில் ராஸ்பெர்ரி பை ரேடியோவின் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. குழாய் வாஷரில் சுருள் சுற்றிய கருவியின் வாரிசில் இன்று கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே கேபிள்கூட இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். ரிக்சிடிஎல்டி வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்பதில்லை. வீட்டு நெட்வொர்க்குக்குள் அது வசதி. இணையத்துக்குத் திறந்துவிட்டால் முகம் தெரியாத எவரும் உங்கள் உரிமத்தில் ஒலிபரப்பலாம்.

இதனால் ஆவதென்ன?

சாதாரண வசதி குறிப்பேடு. ஒவ்வொரு தொடர்புக்கும் தேதி, நேரம், அலைவெண், எதிர்நிலையத்தின் அழைப்புக்குறி ஆகியவற்றை எழுதிவைப்பது ஹாம்களின் கடமை. அலைவெண்ணையும் முறையையும் மென்பொருள் ரேடியோவிடமே கேட்டு எழுதிக்கொள்வதால் கைப்பிழை குறைகிறது.

அடுத்தது எஃப்டி8. இரட்டைத் துடிப்பு விண்மீன் கண்டுபிடிப்புக்காக 1993-ல் ரஸ்ஸல் ஹல்ஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம். அவரும் ஸ்டீவ் ஃபிராங்க்கும் சேர்ந்து 2017-ல் கொண்டுவந்த முறை இது. ஒரு தடவைக்குப் பதினைந்து நொடி, அதில் 12.64 நொடி ஒலிபரப்பு. எட்டு ஒலிகளை மாற்றி மாற்றி அனுப்பி, வெறும் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் அழைப்புக்குறி, கட்ட முகவரி, சிக்னல் வலு போன்ற சிறு தகவல்களைக் கடத்தும். வழக்கமான பேச்சு அகலத்தில் உள்ள இரைச்சலில் நூறில் ஒரு பங்கு வலு இருந்தாலும் மறுமுனையில் எழுத்தாகிவிடும். இந்திய ஹாம்களுக்குரிய 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் எஃப்டி8 புழங்கும் இடம்தான் மேலே உதாரணமாக எடுத்துக்கொண்ட 7.074.

இங்கே கட்டளை மென்பொருள் செய்யும் நுட்பமான ஒரு காரியம் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. கணினியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒலி 600 ஹெர்ட்ஸாக இருந்தால், ஒலியளவு கொஞ்சம் கூடினாலும் அதன் இருமடங்கான 1200-லும் மும்மடங்கான 1800-லும் போலி ஒலிகள் முளைக்கும். அவை ரேடியோவின் வடிகட்டிக்குள்ளேயே விழுவதால் அப்படியே வெளியேறி, பக்கத்தில் இருப்பவர்களைக் கெடுக்கும். ஆகவே ஒலிபரப்புவதற்கு முந்தைய கணத்தில் மென்பொருள் ரேடியோவை 1000 ஹெர்ட்ஸ் கீழே இறக்கி, ஒலியை 1600-க்கு ஏற்றுகிறது. கூட்டிப் பார்த்தால் வானில் போகும் அலைவெண் மாறவில்லை. ஆனால் போலி ஒலி இப்போது 3200-ல் விழுகிறது; வடிகட்டி அதை வெட்டிவிடும். ஒலிபரப்பு முடிந்ததும் ரேடியோவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. ஒவ்வொரு ஒலிபரப்பின்போதும் தவறாமல் இதைச் செய்ய மனிதக் கையால் ஆகாது.

செயற்கைக்கோள் இன்னும் கடினமான வேலை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட்டில் இஸ்ரோ ஏவிய ஹாம்சாட், ஹாம்களுக்கென்றே செய்த சிறு கோள். 2014 ஜூலை வரை உழைத்தது. அதற்குச் சிக்னலை 435 மெகாஹெர்ட்ஸில் அனுப்பி, 145 மெகாஹெர்ட்ஸில் திரும்பக் கேட்க வேண்டும். கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவெண் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. 435 மெகாஹெர்ட்ஸில் இந்த நகர்வு இரு பக்கமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் தலைக்கு மேலே கடந்துவிடும் கோளுக்காக ஒரு கையால் அனுப்பும் அலைவெண்ணையும் இன்னொரு கையால் கேட்கும் அலைவெண்ணையும் திருத்திக்கொண்டே பேசுவது பெரும் வித்தை. ஜிபிரெடிக்ட் போன்ற மென்பொருள், கோளின் பாதையைக் கணக்கிட்டு, ஹாம்லிப் மூலம் இரண்டு அலைவெண்களையும் நொடிக்கு நொடி திருத்தும். ஹாம்சாட் ஓய்ந்துவிட்டாலும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் கருவிக்கும் இதே கணக்குத்தான்.

ஆபத்தான ஒரு கட்டளை

அலைவெண் தவறினால் கேட்பது தவறும், அவ்வளவுதான். ஒலிபரப்பு விசையான பிடிடி அப்படியல்ல. அதை மென்பொருள் மூன்று வழிகளில் இயக்கலாம்: கட்டளை பைட்டாக, சீரியல் துளையின் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளை உயர்த்தி, அல்லது ஒலி வந்ததும் தானே ஒலிபரப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதியை நம்பி.

மூன்றிலும் பள்ளங்கள் உண்டு. கணினி துவங்கும்போதோ துளை திறக்கும்போதோ ஆர்டிஎஸ் கம்பி தானாக உயரலாம். ரேடியோ யாரும் கேட்காமலே ஒலிபரப்பும். ஆர்டுயினோ உள்ள கருவிகளில் டிடிஆர் கம்பி அசைந்தால் பலகை மறுதுவக்கம் ஆகிவிடும். வாக்ஸ் வைத்திருந்தால் விண்டோஸின் எச்சரிக்கை மணி ஒலிகூட வானில் ஏறும். எல்லாவற்றையும்விட மோசம், ஒலிபரப்பின் நடுவே கணினி உறைந்துபோவது. ‘தொடங்கு’ போய்ச் சேர்ந்துவிட்டது, ‘நிறுத்து’ வரவே இல்லை. ரேடியோவுக்கு ஐயமே எழாது. சூடேறிக்கொண்டு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். பல ரேடியோக்களின் மெனுவில் உள்ள கால வரம்பு வசதியை இயக்கி வைப்பதும், மின்சப்ளை சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் இதற்காகத்தான்.

ரேடியோவின் சொந்த அலையே கணினியை உறைய வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நூறு வாட் ஒலிபரப்பும்போது யுஎஸ்பி கேபிள் ஒரு ஆன்டெனாவைப் போல அந்த அலையை உறிஞ்சும். துளை அறுந்ததாகக் கணினி நினைத்துக்கொள்ளும். கேபிளில் ஃபெர்ரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் தீரும்.

சட்டத்தின் பார்வையில் இவை எதுவும் சாக்கு ஆகாது. இந்தியாவில் ஹாம் உரிமம் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு வைத்துத் தருவது. வியு2 என்று தொடங்கும் பொது நிலை, வியு3 என்று தொடங்கும் வரம்புக்குட்பட்ட நிலை என்று இரண்டு. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, இரகசியக் குறியீட்டில் செய்தி அனுப்பக் கூடாது என்பவை அடிப்படை விதிகள். எஃப்டி8-ன் அமைப்பு எல்லாருக்கும் வெளியிடப்பட்டது என்பதால் அது இரகசியத்தில் சேராது. ஆனால் மென்பொருள் பட்டைக்கு வெளியே ரேடியோவைக் கொண்டுபோய் ஒலிபரப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் உரிமத்தில் பெயர் உள்ளவர்தான்.

புயலில் எது நிற்கும்?

டெல்டா ரேடியோவுக்கு நல்ல நிலம். மலை மறைப்பு இல்லை. காந்தப் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் பகலில் அயனமண்டலம் அடர்த்தியாக இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் நேர் மேலே அனுப்பிய அலைகூடப் பெரும்பாலும் திரும்பி இறங்கும். தாழ்வாகக் கட்டிய கம்பியை வைத்தே சென்னையோடும் மதுரையோடும் பேச அது போதும். தொல்லைகளும் உண்டு. பம்புசெட் மோட்டாரின் பொறி, மலிவான எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாம் இரைச்சல் கிளப்பும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஆன்டெனா கேபிளைக் கழற்றாவிட்டால், யுஎஸ்பி கேபிள் வழியாக மின்னல் கணினியையும் சேர்த்துக்கொண்டு போகும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாக விழுந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. அப்படிப்பட்ட ஒரு நாளில் நாம் பார்த்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கலாம். இணையம் போனால் எஃப்டி8-க்குத் தேவையான நொடித் துல்லிய நேரம் போகும்; ஜிபிஎஸ் கருவி ஒன்று இருந்தால் மீட்டுக்கொள்ளலாம். எஃப்டி8-ஐ மீட்டாலும் பயன் குறைவு. ‘முகாமில் நாற்பது பேர், பால் பவுடர் தேவை’ என்று சொல்ல அதில் இடம் கிடையாது. தட்டச்சு செய்த செய்தியை அனுப்ப ஜேஎஸ்8கால் போன்ற மென்பொருள் வேண்டும்.

அடுத்தது மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தலாம் என்று வைத்தால் 75. எஃப்டி-817 போன்ற சிறு ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியருக்கும் குறைவு போதும். ஆறு நாள் தாங்கும். லேப்டாப்பையும் இணைத்தால் அது மட்டும் மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். நிவாரண நேரத்தில் ரேடியோவைவிட அதை ஆட்டிவைக்கும் கணினிக்கே மின்சாரம் அதிகம் செலவாகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேரில், தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு வேறொரு நோக்கத்துக்காக நிலையம் அமைத்திருந்தது. மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் தப்பியவர்களைப் பற்றிய செய்திகள் அவர்கள் வழியாக வெளியே போயின. அந்த வேலைக்குத் தேவைப்பட்டவை ரேடியோ, ஆன்டெனா, மின்சாரம், நிதானமாகப் பேசத் தெரிந்த மனிதர்கள்.

இதை வைத்துக் கணினி வேண்டாம் என்று முடிவுகட்டுவது சரியல்ல. அமைதியான நாட்களில், வலுவில்லாத சிக்னலைக் கேட்டுத் தன் ஆன்டெனா எங்கே எட்டுகிறது, எந்த நேரத்தில் எட்டுகிறது என்று தெரிந்துகொள்ள எஃப்டி8-ஐப் போன்ற கருவி இல்லை. அந்த அறிவு புயல் நாளில் குரலில் பேசவும் உதவும். எந்த வரிசையில் கற்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். முதலில் ரேடியோவைக் கையால் இயக்கப் பழக வேண்டும். பிறகு வேறெந்த மென்பொருளும் இல்லாமல், ஹாம்லிப்போடு வரும் ரிக்சிடிஎல் நிரலில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து, முகப்பில் எண் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது சரியென்றால் ரிக்சிடிஎல்டி, அதன் மேல் ஒரு மென்பொருள், அதன் மேல் இன்னொன்று. கோளாறு வந்தால் அதே படியில் இறங்கி வர வேண்டும். மாதத்தில் ஒரு நாள் லேப்டாப்பை மூடிவைத்து, பேட்டரியில், மைக்கைக் கையில் பிடித்து 7 மெகாஹெர்ட்ஸில் பேசிப் பார்க்க வேண்டும். கட்டத் தெரிந்த அளவுக்குக் கழற்றவும் தெரிந்தவரிடம் இந்த மென்பொருள் ஒரு வசதி. கழற்றத் தெரியாதவரிடம் அது பழுதாகக் கூடிய இன்னொரு பாகம்.